மெல்லப் பறப்பதில் ஓர் இன்பம்



விமானம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் இல்லங்களில் எழும் நினைவு எது? விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்று கையசைக்கும் தாய். கயிறு கட்டிப் பெயர் எழுதிய அட்டைப் பெட்டிகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து, பிள்ளைகள் பழகத் தொடங்கும் நேரத்தில் திரும்பிச் செல்லும் தந்தை. நமக்கு விமானம் என்பது பிரிவின் ஊர்தி. சில வேளைகளில் வரவின் ஊர்தி. அதில் பறப்பது ஓர் இன்பம் என்று எவரேனும் சொன்னால், துபாய்க்கும் ஜித்தாவுக்கும் போய்வந்த நம் சகோதரர்கள் புன்னகை புரிவார்கள். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில், சன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு உறங்கியதுதான் அவர்கள் கண்ட வானம். பறந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, உண்மையில் நாம் கொண்டு செல்லப்பட்டோம்.

வேறொரு பறத்தலும் உண்டு. அதில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பறக்கலாம். வைக்கோலின் வாசம் மேலே வரும். கீழே நெடுஞ்சாலையில் செல்லும் லாரி உங்களை முந்திச் செல்லும். இறங்கும் நேரத்திலோ கையும் காலும் கண்ணும் செவியும் ஒருசேர விழித்திருக்க வேண்டும். சிறிய, மெதுவான, வாலில் சக்கரம் கொண்ட விமானத்தின் கதை அது. அத்தகைய விமானங்களுள் உலகப் புகழ் பெற்ற ஒன்றை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். அதன் பெயர் பைப்பர் கப்.

761 டாலருக்குக் கைமாறிய கனவு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்பது எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஒரு சிற்றூர். கிளாரன்ஸ் கில்பர்ட் டெய்லர் என்னும் விமான வடிவமைப்பாளர் அங்கே ஒரு சிறு தொழிற்சாலை நடத்தினார். செல்வர்களுக்கு மட்டுமன்றிச் சாமானியர்க்கும் எட்டும் விலையில் ஒரு விமானம் செய்ய வேண்டும் என்பது அங்கிருந்தோரின் எண்ணம். 1930ஆம் ஆண்டு ஒரு சிறு விமானம் உருவாயிற்று. அதில் முதலில் பொருத்திப் பார்த்த எஞ்சினின் பெயர் 'டைகர் கிட்டன்', அதாவது புலிக்குட்டி. வெறும் 20 குதிரைத் திறன் கொண்ட அந்தப் புலிக்குட்டியால் விமானத்தைத் தூக்க இயலவில்லை. எஞ்சின் போயிற்று, குட்டி என்று பொருள்படும் 'கப்' என்னும் பெயர் மட்டும் விமானத்தோடு ஒட்டிக்கொண்டது.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். அவ்வாண்டிலேயே நிறுவனம் நொடித்தது. அதில் பணம் போட்டிருந்த வில்லியம் பைப்பர் என்னும் எண்ணெய் வணிகர், ஏலத்தில் நிறுவனத்தின் உடைமைகளை 761 டாலருக்கு வாங்கினார். டெய்லரையே பொறுப்பிலும் அமர்த்தினார். பின்னர் இருவருக்கும் ஒத்துவராமல் பிரிந்தனர். 1937 மார்ச்சில் பிராட்ஃபோர்டு தொழிற்சாலையைத் தீ கொண்டது. பைப்பர் தளரவில்லை. அதே மாநிலத்தில், சஸ்குவேஹானா ஆற்றங்கரையில் உள்ள லாக் ஹேவன் என்னும் ஊருக்குப் பெயர்ந்து, மூடிக் கிடந்த ஒரு பட்டு ஆலையில் தொழிலைத் தொடர்ந்தார். அங்கிருந்து பெருகி வந்ததுதான் 'ஜே-3' என்னும் மாதிரி. மஞ்சள் வண்ண உடல், பக்கவாட்டில் மின்னல் போன்ற ஒரு கருங்கோடு. ஒரு காலத்தில் அதன் விலை ஆயிரம் டாலரை ஒட்டியே இருந்தது. 1947இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 20,000 விமானங்கள் வெளிவந்தன.

விமானம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு. அதன்மேல் இழுத்துப் போர்த்தி மெழுகெண்ணெய் போன்ற பூச்சு தடவி இறுக்கிய துணி. அவ்வளவே. வெற்று எடை ஏறத்தாழ 345 கிலோ. இரண்டு புல்லட் மோட்டார் சைக்கிள்களின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கையின் அகலம் 10.7 மீட்டர். பரவலாகப் பயன்பட்ட எஞ்சின் 65 குதிரைத் திறன் கொண்டது. இன்று நம் வீதிகளில் ஓடும் சிறு காரின் எஞ்சினை ஒத்தது. அமைதியான காற்றில் மணிக்கு 120 கிலோமீட்டர் செல்லும். இருவர் அமரலாம், ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே.

பின் இருக்கையில் அமருங்கள்

வாசகரே, இப்பொழுது நீங்கள்தாம் விமானி. வாருங்கள், ஏறுங்கள். முன் இருக்கைக்குச் செல்லாதீர்கள். தனியாகப் பறப்பவர் இவ்விமானத்தில் பின் இருக்கையில்தான் அமர வேண்டும். எடைச் சமநிலை அப்படி அமைந்திருக்கிறது. ஆசிரியர் உடன் வந்தால் முன்னே அமர்வார். அவர் முதுகு உங்கள் பார்வையை மறைக்கும். கருவிப் பலகையில் உள்ளவையே சிலதாம்: உயரம் காட்டுவது, வேகம் காட்டுவது, திசைகாட்டி, எஞ்சினின் சுழற்சியும் எண்ணெயின் சூடும் அழுத்தமும் காட்டுபவை. அவற்றிலும் பாதி அந்த முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகும்.

எரிபொருள் எவ்வளவு உள்ளது என்பதை அறிய ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. சுமார் 45 லிட்டர் கொள்ளும் தொட்டி முன்கண்ணாடிக்கு எதிரே இருக்கிறது. உள்ளே ஒரு தக்கை மிதக்கிறது. அதில் செருகிய கம்பி மூடியின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எரிபொருள் குறையக் குறையக் கம்பி தாழும். கம்பி முழுவதும் தாழ்வதற்கு முன் இறங்கிவிட வேண்டும். நம் பாட்டிமார் குதிருக்குள் கோல் விட்டு நெல்லின் அளவைப் பார்த்த முறையோடு இதற்கு உறவு உண்டு.

மின்கலமும் இல்லை, பொத்தானை அழுத்தினால் உயிர்பெறும் எஞ்சினும் இல்லை. முன்னே உள்ள சுழல்விசிறியை ஒருவர் கையால் சுழற்றிவிட வேண்டும். இதில் விளையாட்டுக்கு இடமில்லை. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பிரேக்கைக் குதிகாலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருக்கிறதா, போட்டிருக்கிறதா என்பதை இருவரும் உரக்கச் சொல்லி, உரக்கத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். அணைந்திருப்பதாகச் சொன்னபோதும், அது எரியும் நிலையில் இருப்பதாகவே எண்ணி விசிறியைத் தொட வேண்டும் என்பது பயிற்சிப் பள்ளிகளின் கண்டிப்பு. இதில் அசட்டையாக இருந்து கைகளையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு. இன்பத்தின் வாசலிலேயே எச்சரிக்கை நிற்கிறது என்பதை மறவாதீர்கள்.

எஞ்சின் பற்றிக்கொண்டது. முட்டை அகற்றியாயிற்று. வால் தரையில் இருப்பதால் மூக்கு வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. நேரெதிரே உள்ளது உங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே பாம்பு செல்வதுபோல் வளைந்து வளைந்து, ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் எட்டிப் பார்த்தபடி புல்தரையின் ஓரத்திற்குச் செல்கிறீர்கள். காற்றை எதிர்நோக்கி நிறுத்தி விசையை முழுதும் தருகிறீர்கள். சில நொடிகளில் வால் மேலெழுகிறது. மறைந்திருந்த நிலம் கண்முன் விரிகிறது. மூக்கு இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். வலது காலால் அழுத்தி நேர் செய்கிறீர்கள். மணிக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகம் வந்தவுடன், எவரும் கட்டளையிடாமலே சக்கரங்களின் குலுக்கம் நின்றுவிடுகிறது. பறக்கிறீர்கள்!

சுக்கானும் மாலுமியும்

காலடியில் உள்ள இரு மிதிகளும் வாலில் உள்ள சுக்கானைத் திருப்புகின்றன. சுக்கான் என்னும் இச்சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவர். மாலுமி என்பதும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்ததே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பாய்மரக் கப்பல் ஓட்டிய நம் முன்னோர்க்கு, காற்றுக்குப் பணிந்துகொண்டே காற்றை ஏவல் கொள்வது எப்படி என்பதை எவரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

கடலில் போலவே இங்கும் சுக்கான் சோம்பியிருக்கலாகாது. கப் விமானத்தை இடப்பக்கம் சாய்க்கக் கையிலுள்ள கோலை இடப்பக்கம் தள்ளினால், மூக்கு முதலில் அதற்கு மாறாக வலப்பக்கம் ஒதுங்கும். உயரும் இறக்கையின் ஓரத்தில் கீழ்நோக்கி மடங்கிய பகுதி, தூக்குவதோடு காற்றில் இழுவையையும் உண்டாக்குவதே காரணம். கையோடு காலும் சேர்ந்து, இடது மிதியை அளவோடு அழுத்தினால்தான் விமானம் வழுக்காமல் திரும்பும். அளவு தவறினால் கருவி சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உடலே ஒருபக்கம் சரிந்து சொல்லிவிடும். இன்றைய பல விமானங்கள் இந்தப் பிழையைத் தாமே மறைத்துவிடுகின்றன. கப் மறைப்பதில்லை. செய்த தவற்றை உடனே, ஆனால் கடுமையின்றிச் சுட்டிக்காட்டும் நல்லாசிரியரைப் போன்றது அது.

தம் போட்ட பிரியாணியின் பக்குவத்தைக் கடிகாரம் பார்த்தா நம் இல்லத்தரசிகள் அறிகிறார்கள்? மூடியின் விளிம்பில் கசியும் வாசம் சொல்கிறது. சட்டிக்குள் எழும் ஓசை சொல்கிறது. கப் விமானியும் அவ்வாறே. இறக்கைத் தாங்கிகளில் காற்று எழுப்பும் ஓசை கூடினால் வேகம் மிகுகிறது. ஓசை தணிந்து கோல் கையில் தளர்ந்தால் வேகம் குறைகிறது. வலப்பக்கக் கதவு இரு பாதிகளாக உள்ளது. மேற்பாதியை இறக்கையோடு மாட்டிவிட்டு, கீழ்ப்பாதியைத் தொங்கவிட்டுப் பறப்பது வழக்கம். வேகம் அபாயகரமாகக் குறையும்போது, தொங்கிக்கொண்டிருந்த அக்கீழ்ப்பாதி மெல்ல மேலே மிதக்கத் தொடங்கும். கதவே காவலனாகி எச்சரிக்கிறது!

மெதுவாகச் செல்வதால் காண்பவை

இருநூறு, முந்நூறு மீட்டர் உயரம் போதும். அந்த உயரத்தில் நாடு வரைபடமாகத் தெரியாது, ஊராகவே தெரியும். கொடியில் உலரும் துணி, குளத்தில் இறங்கும் வாத்துகள், தன் நிழலோடு நடக்கும் ஒரு பசு, நிமிர்ந்து பார்த்துக் கையசைக்கும் ஒரு குழந்தை. நீங்களும் கையசைக்கலாம்; அக்குழந்தைக்குத் தெரியும். உழுத நிலத்தின் மேல் செல்லும்போது, வெயிலில் சூடேறிய காற்று கீழிருந்து உங்களை மெல்லத் தூக்கும். காட்டின் மேலோ ஆற்றின் மேலோ செல்லும்போது தாழ்த்தும். கண்ணுக்குப் புலப்படாத காற்றின் மேடுபள்ளங்களை உடலால் படிக்கிறீர்கள்.

எதிர்க்காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வீசினால் நிலத்தின் மேல் உங்கள் வேகம் எழுபதுதான். சாலையில் செல்லும் வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திச் செல்லும். அவசரக்காரர்க்கு இது தாளாது. பயணத்தை ஒரு தொல்லையாகக் கருதாதவருக்கோ, முந்திச் செல்பவர் மேல் ஒருவகை இரக்கமே பிறக்கும். பெரிய விமானத்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை, கப் விமானி ஒரு முழு நாளைச் செலவிட்டு, மூன்று நான்கு புல்வெளித் தளங்களில் இறங்கி எரிபொருள் ஊற்றிக் கடப்பார். அந்த ஒவ்வொரு தளத்திலும் எவரேனும் ஒருவர் அருகில் வந்து இறக்கையைத் தடவிப் பார்த்து, தம் தந்தையார் இதில்தான் பறக்கக் கற்றார் என்று பேச்சைத் தொடங்குவதும் உண்டு. காரணம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், 1939இல், அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்க்கு விமானப் பயிற்சி தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 1944க்குள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் பயின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் முதன்முதல் பறந்தது கப் விமானத்தில்தான். தொடக்கத்தில் ஆடவர் பத்துப் பேருக்குப் பெண் ஒருவர் என்ற கணக்கில் மகளிரும் சேர்க்கப்பட்டனர். கறுப்பினத்தவர் விமானம் ஓட்டத் தகுதியற்றவர் என்று பேசப்பட்ட காலம் அது. அலபாமாவில் உள்ள டஸ்கிகீ என்னும் கறுப்பினத்தவர் கல்வி நிலையமும் இத்திட்டத்தில் இடம்பெற்றது. 1941 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் அங்கே சென்றார். சுற்றியிருந்தோர் தயங்கியபோதும், சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் என்னும் கறுப்பின ஆசிரியர் ஓட்டிய சிறு விமானத்தில் ஏறி அமர்ந்து வானில் வலம் வந்தார். அந்தப் புகைப்படம் நாடெங்கும் பேசப்பட்டது. சிறு விமானம் ஒன்று, பெரிய பொய் ஒன்றைச் சுமந்து சென்று கீழே போட்டது என்று சொல்லலாம்.

வாலின் இரகசியம்

பறந்தது போதும், இனி இறங்க வேண்டும். இங்கேதான் வால் சக்கர விமானத்தின் உண்மையான தேர்வு தொடங்குகிறது.

இறங்குவதைப் பேசும்போது நம் வரலாற்றின் ஒரு பெயரை நினைக்காமல் இருக்க இயலாது. அவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்து 887இல் மறைந்த அறிஞர். இறகுகளால் உடலைப் போர்த்தி, இறக்கைகளைப் பூட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பறந்தார் என்றும், கணிசமான தூரம் சென்றார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதிவைத்துள்ளார். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் உள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் அடிபட்டதற்கு அவர் காட்டும் காரணம் நம்மை நிமிர வைக்கிறது. பறவைகள் வாலைக் கொண்டே தரையிறங்குகின்றன. இப்னு ஃபிர்னாஸோ தமக்கு வால் அமைத்துக்கொள்ளவில்லை என்கிறார்! இன்று சந்திரனில் உள்ள ஒரு பெரும் பள்ளத்திற்கும், குர்துபாவில் 2011இல் திறக்கப்பட்ட பாலத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

மதில்மேல் இறங்கும் காகத்தைக் கவனியுங்கள். கடைசி நொடியில் உடலை நிமிர்த்தி, வாலை விரித்துத் தாழ்த்தி, வேகத்தை முழுதும் கொன்று, பிறகே கால் பதிக்கிறது. கப் விமானி செய்ய முயல்வதும் அதுவே. நிலத்திற்கு ஒரு முழ உயரத்தில் விசையை அடக்கிவிட்டு, இறங்கவிடாமல் கோலை மெல்ல மெல்ல வயிற்றை நோக்கி இழுத்துக்கொண்டே வருகிறார். விமானம் இன்னும் பறக்க விரும்புகிறது, வேகமோ கரைந்துகொண்டிருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இறக்கை தன் பிடியை விடும் அக்கணத்தில், முன்சக்கரம் இரண்டும் வால் சக்கரமும் ஒருசேரப் புல்லைத் தொட வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் தொட்டதே தெரியாது. அதைவிட நிறைவான ஓசையற்ற ஓசை வேறில்லை என்பார்கள் விமானிகள்.

தொட்டவுடன் வேலை முடிந்ததா? இல்லை, கடினமான பகுதி இப்போதுதான் வருகிறது. மூக்கில் சக்கரம் உள்ள விமானத்தில் எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். சற்றுக் கோணலாக இறங்கினாலும் அந்த எடையே இழுத்து நேராக்கிவிடும். வால் சக்கர விமானத்தில் எடை அச்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மாட்டுவண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நுகத்தடி சிறிது ஒருபக்கம் ஒதுங்கத் தொடங்கிவிட்டால், கண்மூடித் திறப்பதற்குள் வண்டி முழுதும் குறுக்காகிவிடும். அதுபோல் விமானத்தின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும். விட்டுவிட்டால் விமானம் தரையிலேயே சுழன்று, இறக்கை மண்ணில் மோதி, சக்கரக் கால்கள் முறியும். வருமுன் காக்க வேண்டும். விலகல் விரல் அளவில் இருக்கும்போதே கால் அதை உணர்ந்து திருத்த வேண்டும்; முழ அளவு ஆனபின் திருத்த நேரமிராது. ஆகவே விமானம் நின்று, கயிற்றால் கட்டப்படும்வரை பறத்தல் முடியவில்லை என்று கற்பிக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சக்கரத்தை மூக்குக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். மாற்றிவிட்டார்கள். பைப்பர் நிறுவனமே 1951இல் மூக்குச் சக்கர மாதிரி ஒன்றை வெளியிட்டது. இன்று பெரும்பாலான விமானங்கள் அவ்வகையே. வால் சக்கரம் எடை குறைந்தது. மூக்கு நிமிர்ந்து நிற்பதால் மேடுபள்ளமான புல்தரையில் சுழல்விசிறி மோதாது. அதனால் காட்டுப்புறங்களில் அது இன்றும் வாழ்கிறது. அமெரிக்காவில் 1991 முதல், வால் சக்கர விமானம் ஓட்ட விரும்புவோர் தனிப் பயிற்சி பெற்று ஆசிரியரின் சான்றொப்பம் பெற வேண்டும். எனினும் விமானிகளின் பேச்சில் அச்சக்கர அமைப்புக்கு இன்றும் 'வழக்கமான அமைப்பு' என்றே பெயர். வழக்கம் போயும் பெயர் நிற்கிறது!

விளையாட்டன்று, உயிர்க் கல்வி

இது பொழுதுபோக்குத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இரு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

கப் விமானத்தின் இறக்கையில் வேகத்தைக் குறைக்கும் மடிப்புகள் கிடையா. உயரம் மிகுதியாக இருக்கும்போது வேகத்தைக் கூட்டாமல் இறங்க ஒரு பழைய உத்தி உண்டு. கோலை ஒருபக்கமும் சுக்கானை மறுபக்கமும் அழுத்தி, விமானத்தைச் சாய்த்துக் காற்றில் பக்கவாட்டாகச் சரிக்க வேண்டும். உடல் முழுதும் காற்றைத் தடுப்பதால் விமானம் வேகமாகத் தாழும். பெரிய விமானங்களில் எவரும் இதைச் செய்வதில்லை. 1983 ஜூலை 23 அன்று, ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று, எரிபொருளைக் கிலோவில் கணக்கிடுவதற்கு மாறாகப் பவுண்டில் கணக்கிட்ட பிழையால், நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரு எஞ்சின்களும் அணைந்தது. தலைமை விமானி பாப் பியர்சன், ஓய்வு நாட்களில் எஞ்சினில்லாத மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்னும் ஊரின் பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது உயரம் அதிகமாயிருந்தது. மறுமுறை சுற்றிவர எஞ்சின் இல்லை. சிறு விமானத்தில் கற்ற அந்தச் சரிக்கும் உத்தியை அப்பெரும் விமானத்தில் செய்து இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

மற்றது துயரமானது. 2009 ஜூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது; தானியங்கி தன் பொறுப்பை விமானிகளிடம் ஒப்படைத்து ஒதுங்கிற்று. இருளிலும் குழப்பத்திலும் மூக்கு மேல்நோக்கி இழுக்கப்பட்டது. இறக்கை தன் பிடியை இழந்தது. பிடி இழந்த விமானத்தை மீட்க மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஆனால் நிலைமை இன்னதென்று உணரப்படாமலே, மூன்று நிமிடங்களுக்கு மேலாக விழுந்து, அட்லாண்டிக் கடலில் 228 பேரும் மறைந்தனர். 2012இல் வெளிவந்த விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து, விமானிகளுக்குக் கையால் ஓட்டும் பயிற்சியும் இந்நிலையிலிருந்து மீளும் பயிற்சியும் வலியுறுத்தப்பட்டன.

சிறு விமானத்தில் பயின்றிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று சொல்வது நியாயமாகாது. அந்த நள்ளிரவின் குழப்பம் நம்மால் அளக்க முடியாதது. ஆனால் கப் போன்ற விமானத்தில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் முதல் சில மணி நேரங்களிலேயே, பிடி இழப்பதென்றால் என்ன என்பதைத் தம் உடலால் அறிகிறார். ஓசை அடங்குகிறது, கதவு மிதக்கிறது, கோல் தளர்கிறது, வயிற்றில் ஒரு வெறுமை. உடனே கோலை முன்னே தள்ளுகிறார். விமானம் மீண்டும் பறக்கிறது. இதைப் பத்துமுறை, இருபதுமுறை செய்கிறார். நூலில் படித்த அறிவு நெருக்கடியில் மறந்துபோகலாம். கையும் காலும் கற்ற அறிவு அவ்வளவு எளிதில் நம்மை விட்டுப் போவதில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவாகி 1951இல் பறந்த எச்.டி-2 பயிற்சி விமானம் வால் சக்கரம் கொண்டதே. நம் விமானப் படையினர் பலர் அதில் கற்றனர். அதே தொழிற்சாலையின் 'புஷ்பக்' 1958இல் முதன்முறை பறந்தது. கப் விமானத்தின் காலத் தோழனான ஏரோன்கா சீஃப் என்னும் அமெரிக்க விமானத்தை ஒட்டி அமைந்த அச்சிறு துணி விமானம், நாடெங்கும் உள்ள பறக்கும் கழகங்களில் விமானிகளை உருவாக்கிற்று.

இல்லத்திற்கு என்ன பயன்?

விமானம் வாங்கும் வசதி நமக்கு ஏது என்று கேட்கலாம். நான் வாங்கச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் எதையும் பொத்தானை அழுத்திப் பெற்றுப் பழகிவிட்ட காலம் இது. கணக்கைக் கருவி போடுகிறது. வழியைக் கருவி சொல்கிறது. கருவிகள் நல்லவையே, அவற்றை இகழ்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் கருவி கைவிடும் ஒரு நாள் வந்தால், கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. நீந்தக் கற்பதும், மனக்கணக்குப் போடுவதும், தையல் ஊசியில் நூல் கோப்பதும், மிதிவண்டியைத் தாமே பழுது பார்ப்பதும் அந்த நாளுக்கான சேமிப்பாகும். பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

இன்னொன்றும் உண்டு. வேகமாகச் சென்றவர் அதிகம் வாழ்ந்தார் என்று சொல்ல முடியாது. லாக் ஹேவன் தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் 1986இல் தொடங்கி, கோடைக் காலத்தில் நாட்டின் பல திசைகளிலிருந்தும் அந்த மஞ்சள் விமானங்கள் தாம் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து கூடும் விழா அங்கே எடுக்கப்பட்டு வருகிறது. காரில் வந்திருந்தால் முன்னரே வந்து சேர்ந்திருக்கலாம். அவர்களோ வாசம் முகர்ந்து, நிழல் பார்த்து, கையசைத்த குழந்தைக்குக் கையசைத்து வந்து சேர்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டு மதிலில் ஒரு காகம் வந்து அமரும்போது, பிள்ளைகளை அழைத்து அதன் வாலைக் காட்டுங்கள். இப்னு ஃபிர்னாஸின் கதையையும் சொல்லுங்கள். பறப்பதைவிட இறங்குவதே அரிது என்பது அவர்களுக்கு நெடுநாள் நினைவிருக்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு செய்தியோடு சந்திப்போம்.